உறையிட்ட செல் சிகிச்சை: நம்புவதற்கு என்ன இருக்கிறது, வாங்குவதற்கு என்ன இருக்கிறது?

(அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நமது மருத்துவ உதவிப் பிரிவுக்கு எப்படிப்பட்ட மனுக்கள் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, பிரசவச் செலவு, கண் அறுவை என்று வரும். அண்மைக் காலமாகப் புதுவிதமான மனு ஒன்றும் வரத் தொடங்கியிருக்கிறது. “பிள்ளைக்குச் சர்க்கரை நோய். புதிய செல்களை உடம்பில் வைத்துவிட்டால் வாழ்நாள் முழுவதும் ஊசி தேவையில்லை என்கிறார்கள். சில லட்சங்கள் ஆகுமாம். ஜகாத் நிதியிலிருந்து உதவ முடியுமா?” என்று கேட்கிறார்கள். ஒரு தகப்பனார் வீட்டுப் பத்திரத்தையே கையோடு கொண்டுவந்துவிட்டார். நாங்கள் பாதி கொடுத்தால் மீதிக்கு வீட்டை அடகு வைக்கத் தயார் என்றார்.

பெற்ற மனதின் தவிப்பைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஜகாத் பணம் அமானிதம். அதைச் செலவிடுவதற்கு முன் விவரம் தெரிந்துகொள்வது நிர்வாகிகளின் கடமை. எனவே மருத்துவர்களைக் கேட்டோம், வெளியான ஆய்வுகளைப் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

இரண்டு வகைச் சர்க்கரை நோய்

நம் வீடுகளில் நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல் வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. அதில் உடலில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் அது சரியாக வேலை செய்வதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை என்று அதைச் சமாளிக்கலாம்.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை. வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற சுரப்பி இருக்கிறது. அதற்குள் சிறு சிறு தீவுகளைப் போலச் செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் அவற்றை முதலில் விவரித்ததால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று அழைக்கிறார்கள். ஒரு மனிதருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருக்கும். இன்சுலின் அங்கேதான் சுரக்கிறது. நோய்க்கிருமியை எதிர்க்க வேண்டிய நம்முடைய எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, அந்தச் செல்களை அந்நியராகக் கருதி அழித்துவிடுவதுதான் முதல் வகை. இது பெற்றோர் மிட்டாய் கொடுத்ததால் வந்ததல்ல. தாயின் கவனக்குறைவும் அல்ல. நம் குடும்பங்களில் தாய்மார்கள் இந்தப் பழியைச் சுமப்பதைப் பார்க்கிறோம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

இன்சுலின் இல்லாத காலத்தில் இந்தப் பிள்ளைகள் மெலிந்து, மயங்கி, இறந்துபோனார்கள். 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அன்று முதல் முதல் வகை நோயோடு முழு வாழ்வு வாழ வழி பிறந்தது.

ஆனால் இன்சுலின் நோயைப் போக்குவதில்லை. அது அன்றாடம் கொடுக்க வேண்டிய ஈடு. கணையம் நொடிக்கு நொடி பார்த்துச் செய்யும் கணக்கை ஒரு தாய் விரலைக் குத்தி, ரத்தத்தைப் பார்த்து, சாப்பாட்டை எடை போட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுமோ என்று தூக்கம் கெட்டு விழித்திருக்கும் பெற்றோர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். ஆகவே, “அழிந்துபோன செல்களையே திரும்ப வைத்துவிட்டால் என்ன?” என்ற கேள்வி நியாயமான கேள்வி.

செல்களைத் திரும்ப வைக்கும் முயற்சி

இறந்தவர்கள் தானமாக விட்டுச்சென்ற கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துவது ஒரு முறை. கனடாவின் எட்மன்டன் நகர மருத்துவர்கள் இப்படி ஏழு நோயாளிகளுக்குச் செய்து, ஏழு பேருமே இன்சுலின் ஊசியை நிறுத்தினார்கள் என்று 2000இல் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் கூடுதல் நோயாளிகளை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான் ஊசியே இல்லாமல் இருந்தார். பலருக்கு நட்ட செல்கள் ஓரளவு வேலை செய்துகொண்டிருந்தன, ஆபத்தான தாழ்நிலைச் சர்க்கரை வரவில்லை. அது பெரிய நன்மைதான். ஆனால் முழுக் குணம் அல்ல.

அதிலும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒரு நோயாளிக்கே பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் கணையம் தேவைப்பட்டது. இத்தனை பேருக்குத் தானம் எங்கே கிடைக்கும்? இரண்டு, வேறொருவரின் செல்லை உடல் ஏற்காது. ஆகவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். அவற்றால் தொற்றுநோய் வரலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம், சில புற்றுநோய்களின் வாய்ப்பும் கூடும். ஓடி விளையாடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இன்சுலின் ஊசியை எடுத்துவிட்டு இந்த மருந்துகளைக் கொடுப்பது எந்த வகையில் லாபம்? அதனால்தான் கடுமையான தாழ்நிலைச் சர்க்கரையால் உயிருக்கே ஆபத்துள்ள பெரியவர்களுக்கு மட்டுமே இந்த முறை பெரும்பாலும் கையாளப்படுகிறது.

கொசுவலைக்குள் செல்கள்

இங்கேதான் உறை என்ற யோசனை வருகிறது. கொசுவலையை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று உள்ளே வரும், கொசு வராது. அதுபோல நுண்துளைகள் உள்ள ஓர் உறைக்குள் செல்களை வைத்தால், ரத்தத்தில் உள்ள சர்க்கரையும் பிராணவாயுவும் உள்ளே போகும். சுரக்கும் இன்சுலின் வெளியே வரும். தாக்க வரும் எதிர்ப்புச் செல்கள் மட்டும் உள்ளே நுழைய முடியாது. அப்படியானால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தே வேண்டாம்.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சாங் இப்படிப்பட்ட நுண்ணுறைகளைப் பற்றி 1964இல் எழுதினார். 1980இல் லிம், சன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளின் திட்டுகளை உறையிட்டு, சர்க்கரை நோயுள்ள எலிகளின் வயிற்றுக்குள் வைத்தார்கள். உறையில்லாத திட்டுகள் ஏறத்தாழ ஒரு வாரமே தாக்குப்பிடித்தன. உறையிட்டவை இரண்டு மூன்று வாரங்கள் வேலை செய்தன.

அந்த உறை எதனால் ஆனது தெரியுமா? ஆல்ஜினேட் என்ற பொருளால். அது பழுப்புநிறக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில், மன்னார் வளைகுடாக் கரையோரம் நம் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி சேகரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஆல்ஜினேட் எடுக்கப் பயன்படும் பாசி வகைகளும் உண்டு. மருத்துவத்துக்கான ஆல்ஜினேட்டை மிகவும் சுத்திகரிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். அந்தக் கரைசலில் செல்களைக் கலந்து, கால்சியம் உள்ள நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால், வேகவைத்த ஜவ்வரிசிபோல ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக உறைந்துவிடும். உள்ளே உயிருள்ள செல்கள் இருக்கும்.

1994இல் அமெரிக்காவில் பாட்ரிக் சூன்-ஷியாங் குழுவினர் உறையிட்ட மனிதத் திட்டுகளை ஒரு நோயாளிக்கு வைத்து, அவர் சில மாதங்கள் ஊசியில்லாமல் இருந்ததாக அறிவித்தார்கள். ஆனால் அவர் முன்பே சிறுநீரக மாற்று செய்தவர். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். ஆகவே உறை மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல முடியவில்லை.

இத்தனை ஆண்டுகள் ஏன்?

1980இலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. இன்னும் ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். மூன்று தடைகள் இருக்கின்றன.

முதல் தடை வடு. உடலுக்குள் அந்நியப் பொருள் எது வந்தாலும் உடல் அதைச் சுற்றி நார்த்திசுவால் மூடிவிடும். கொசுவலையின் ஓட்டைகளெல்லாம் தூசியால் அடைபட்டால் உள்ளே படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும் அல்லவா, அதே கதைதான். வடு மூடினால் உள்ளிருக்கும் செல்கள் பட்டினியால் இறந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவன ஆய்வாளர்கள் உறையின் அளவையும் வேதிப்பொருளையும் மாற்றிப் பார்த்து, வடு குறைவாக உண்டாகும் உறைகளைக் கண்டுபிடித்தார்கள். 2016இல் எலிகளில் 174 நாட்கள் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதாக அறிவித்தார்கள். எலியில் கிடைத்த பலன் மனிதரில் அப்படியே கிடைப்பதில்லை என்பதுதான் இத்துறையின் அனுபவம்.

இரண்டாவது தடை பிராணவாயு. கணையத்தில் இருக்கும்போது இந்தச் செல்களுக்கு அருகிலேயே ரத்த நாளம் ஓடும். உறைக்குள் ரத்த நாளம் நுழைய முடியாது. எதிரியைத் தடுக்கும் அதே சுவர் உணவையும் தாமதப்படுத்துகிறது.

மூன்றாவது தடை எண்ணிக்கை. லட்சக்கணக்கான திட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உறை என்றால் மொத்த அளவு பெருகிவிடும். அதை உடலில் எங்கே வைப்பது?

பன்றியின் செல் என்றால்?

தானம் போதாததால் விஞ்ஞானிகள் பன்றியின் பக்கம் போனார்கள். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினுக்கு மிக நெருக்கமானது. நியூசிலாந்தில் 1996இல் ஒருவருக்கு உறையிட்ட பன்றித் திட்டுகள் வயிற்றில் வைக்கப்பட்டன. முதலில் அவருக்கு ஊசியின் அளவு குறைந்தது. ஓராண்டுக்குள் பழைய அளவுக்கே திரும்பியது. ஒன்பதரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உறைக்குள் சில செல்கள் இன்னும் உயிரோடு இருந்தன. விஞ்ஞானத்துக்கு அது பெரிய செய்தி. நோயாளிக்குக் கிடைத்த பயன் சிறிது.

“இது நமக்கு ஆகுமா?” என்று பலர் எங்களிடம் கேட்டார்கள். இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1982இல் மனித இன்சுலினைக் கிருமிகளின் உதவியோடு தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவரும்வரை, உலகில் கிடைத்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும்தான் வந்தது. உயிர் காக்க வேறு ஹலாலான வழி இல்லாத நிர்ப்பந்தம் வேறு, விருப்பம் வேறு என்ற அடிப்படையில் உலமாக்கள் அதை ஆராய்ந்தார்கள். குவைத்தில் 1995இல் நடந்த மருத்துவ ஃபிக்ஹ் கருத்தரங்கிலும் பன்றி இன்சுலினை நிர்ப்பந்தத்தின் பேரில் பயன்படுத்தலாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது. இன்று மனித இன்சுலின் எளிதில் கிடைப்பதால் அந்த நிர்ப்பந்தம் பெரும்பாலோருக்கு இல்லை.

பன்றிச் செல்லைப் பொறுத்தவரை இன்று வாங்கக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை. ஆகவே நாங்கள் அதற்கு ஃபத்வா தேடி ஓடவில்லை. ஆய்வும் இப்போது பெரும்பாலும் மனித ஸ்டெம் செல்லை நோக்கித் திரும்பியிருக்கிறது. அந்த ஸ்டெம் செல் எங்கிருந்து பெறப்பட்டது என்ற கேள்வி அதிலும் உண்டு. இவை நம் ஆலிம்களும் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டியவை; மருத்துவம் தெரியாமல் மார்க்கத் தீர்ப்பும், மார்க்கம் தெரியாமல் மருத்துவத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. உறுப்பு தானத்தைப் பற்றி 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, நிபந்தனைகளோடு அதை அனுமதித்தது. உறுப்பை விற்பதை அனுமதிக்கவில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறோம்.

இன்றைய நிலை

2025ஆம் ஆண்டு இந்தத் துறையில் முக்கியமான ஆண்டு. நான்கு செய்திகளைச் சொல்கிறோம்.

ஒன்று: வெர்டெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள். தானத்துக்குக் காத்திருக்காமல் ஆய்வகத்திலேயே செல்லை உருவாக்கலாம் என்பது நிரூபணமானது. ஆனால் இதில் உறை இல்லை. அனைவரும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டார்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் இறப்புக்கு மூளையுறையைத் தாக்கிய பூஞ்சைத் தொற்று காரணம்.

இரண்டு: அதே நிறுவனம் செல்களை ஓர் உறைக் கருவிக்குள் வைத்து, அந்த மருந்துகள் இல்லாமல் முயன்றது. கருவியால் பெரிய தீங்கு இல்லை. ஆனால் பயன் தரும் அளவுக்கு இன்சுலின் வரவில்லை. 2025 மார்ச்சில் அந்த முயற்சியை மேற்கொண்டு தொடரப்போவதில்லை என்று அவர்களே அறிவித்தார்கள்.

மூன்று: சுவீடன் நாட்டின் உப்சாலாவில், எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாதபடி மரபணு மாற்றிய திட்டுகளை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள். உறையும் இல்லை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் இல்லை. 12 வாரங்களுக்குப் பிறகும் அவை இன்சுலின் சுரந்தன. ஆனால் வைத்தது சிறிய அளவே. அவர் ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

நான்கு: உறையிட்ட செல் சிகிச்சை ஒன்றுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் அது சர்க்கரை நோய்க்கு அல்ல. விழித்திரையின் மையத்தைப் பாதிக்கும் ஓர் அரிய நோய்க்கு. அரிசி மணி அளவுள்ள உறையைக் கண்ணுக்குள் வைக்கிறார்கள். உள்ளிருக்கும் செல்கள் விழித்திரையைக் காக்கும் புரதத்தைச் சுரக்கின்றன. பார்வைச் செல்கள் அழியும் வேகம் குறைகிறது. கண்ணுக்குத் தேவைப்படுவது சிறிதளவு செல்தான். கணையத்துக்கு ஈடு செய்ய வேண்டியதோ மிக அதிகம்.

ஆக, வழி சரியானதாகவே தெரிகிறது. பயணம் முடியவில்லை. உறையிட்ட செல்லால் சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக இன்று யாராவது பணம் கேட்டால், அவர்கள் இன்னும் உருவாகாத பொருளை விற்கிறார்கள்.

எங்கள் முடிவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட ஸ்டெம் செல் நெறிமுறைகள் தெளிவாக இருக்கின்றன. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சைகளைத் தவிர, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகளை முறையான ஆய்வுக்கு வெளியே செய்யக் கூடாது. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்காகப் பணம் வாங்கவும் கூடாது.

ஆகவே, யாராவது உங்களிடம் இப்படிப்பட்ட சிகிச்சையைச் சொன்னால் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? தீங்கு ஏற்பட்டால் இழப்பீடு யார் தருவார்? நேர்மையானவர்கள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்கள். பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்; பார்க்கத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எங்கள் பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள்.

நிர்வாகக் குழு ஆலோசித்து எடுத்த முடிவு இது: பதிவில்லாத, பணம் கேட்கும் செல் சிகிச்சைகளுக்கு அறக்கட்டளை ஒரு ரூபாயும் தராது. வீட்டுப் பத்திரத்தோடு வந்தவருக்கும் இதையே சொன்னோம். அவர் மனவருத்தத்தோடு போனார். அந்த வருத்தத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். வீடும் போய், பிள்ளையின் நோயும் தீராமல் அவர் நிற்பதைவிட எங்கள் மேல் அவருக்குக் கோபம் இருப்பது மேல்.

மறுத்ததோடு எங்கள் பொறுப்பு முடிந்துவிடாது. முதல் வகை நோயுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும், ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பமாக இருந்தால், பரிசோதனைப் பட்டைகளும் ஊசிகளும் மாதந்தோறும் தருவோம். அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. அங்கே அழைத்துச் செல்ல ஆள் தருவோம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சிறிய பானை வைத்து இன்சுலினைப் பாதுகாக்கும் முறையை மகளிர் குழுவினர் சொல்லித் தருவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று ஆசிரியர்களிடம் பேசவும் தயாராக இருக்கிறோம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. யார் என்ன மருந்து கொடுத்தாலும், எந்த ஊசி போட்டாலும், முதல் வகை நோயுள்ள பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து வரும். இன்னும் நோய் கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: திடீரென்று அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைக்கத் தொடங்குவது, மெலிவு இவற்றைக் கண்டால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வாந்தியும் வேகமான மூச்சும் இருந்தால் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

நல்ல செய்தி வரும் நாளில் அதை இந்த மேடையிலிருந்தே அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ். உறையில்லாமலோ உறையோடோ, சுவீடனிலிருந்தோ நம் நாட்டிலிருந்தோ, முறையாக அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை வந்துவிட்டால் அதற்கு நிதி திரட்ட வீடு வீடாக வருவோம். அந்த நாள் வரும்போது நம் பிள்ளைகளின் கண்ணும் சிறுநீரகமும் காலும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். அதற்கு இன்று போடும் இன்சுலினும், இன்று குத்திப் பார்க்கும் விரலும்தான் வழி.

பெற்றோருக்குப் பொறுமையையும், பிள்ளைகளுக்குப் பூரண ஷிஃபாவையும், ஆய்வுக்கூடங்களில் உழைப்பவர்களுக்கு நல்ல பலனையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.